இருதயத்தின் மின்னெழுத்தும் கணனியும்



நெஞ்சினுள்ளே கோயில் கட்டிய பூசலார் நாயனாரை நாமெல்லோரும் அறிவோம். அந்தக் கோயிலை மன்னன் கண்ணாற் காணவில்லை. இறைவன் கனவிற் சொல்லியே அறிந்தான். நெஞ்சினுள்ளே நடப்பதை வெளியே நின்று அறிவது இன்றும் எளிதன்று. பழுதுபட்ட இருதயத்தை அதன் மின்னலைகளைக் கொண்டு கணனி கண்டுபிடிக்கும் வகையே நாம் இன்று எடுத்துக்கொண்ட விடயம்.

இருதயம் சுருங்குந்தோறும் சிறு மின்சாரம் ஒன்று அதனூடே பரவுகிறது. தோலுக்கு வந்து சேரும்போது அது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஒரு பங்களவே. 1887இல் லண்டனில் வாலர் என்பவர் அதனை மனித உடலிலிருந்து பதிந்து காட்டினார். பின்னர் யாவாத் தீவிற் பிறந்த ஒல்லாந்தராகிய ஐந்தோவன், லெய்டன் நகரில் அதனைச் செம்மையாக வரையும் கருவியை அமைத்து 1924இல் நோபல் பரிசு பெற்றார். ஒல்லாந்தர் என்றால் நமக்குக் கோட்டை மதில்தான் நினைவு வரும், இ.சி.ஜி.யும் அவர்கள் கைவேலையே.

இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம் போதும். தாளந் தப்பிய துடிப்பையும் மாரடைப்பின் தழும்பையும் வைத்தியர் அதிற் காண்பார். ஆனால் இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டதா என்பதை அந்தக் கோடுகளிலிருந்து அவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு எக்கோ வேண்டும். பழகிய கையும் நேரமும் வேண்டும். நெடுந்தீவிலிருந்து ஒருவர் அதற்காக யாழ் போதனா வைத்தியசாலைக்கு வருவதானால், குறிகட்டுவான் வரை படகு, அப்பால் பஸ். "வயது போனால் இளைக்கத்தானே செய்யும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்!

2019இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையார் ஒரு காரியஞ் செய்தனர். ஏறக்குறைய 45,000 பேரின் இ.சி.ஜி.யையும் எக்கோ முடிவையும் சோடி சோடியாகக் கணனிக்குக் காட்டினர். இலக்கணம் எதுவுஞ் சொல்லிக் கொடுக்கவில்லை. அரிசியில் 'அ' எழுதும் பிள்ளையின் விரலைப் பிடித்துத் திருத்துவதுபோல, பிழைத்தபோதெல்லாம் அதன் உள்ளெண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தினர். பின்னர் அது முன் கண்டிராத 52,870 பேரின் பதிவுகளைக் கொடுத்துப் பார்த்தனர். வலுக் குன்றிய இருதயங்களில் நூற்றுக்கு 86ஐக் கணனி பிடித்துவிட்டது; நல்ல இருதயங்களிலும் ஏறக்குறைய அதே விகிதத்தை நல்லவை என்றது.

இந்த எண்ணைக் கேட்டு உடனே கைதட்டுதல் கூடாது. ஆயிரம் பேரில் இருபது பேருக்கு இக்குறை உண்டென்று வைத்துக்கொள்வோம். பதினேழு பேர் அகப்படுவர், மூவர் தப்பிவிடுவர். குறையில்லாத ஏறக்குறைய 140 பேரையும் கணனி வீணாக அச்சுறுத்தும். ஆகவே அது நோயைத் தீர்மானிக்கும் நீதவான் அன்று. எனினும் ஆயிரம் பேருக்கு எக்கோ செய்யுமிடத்தில் 157 பேருக்குச் செய்தாற் போதுமே! வரிசை நீண்ட இடத்திற்கு இது சிறிய உதவியா? இருபத்தீராயிரம் பேருக்கு மேல் பங்குபற்றி 2021இல் வெளிவந்த சோதனையில், கணனியின் சொல் வைத்தியருக்குக் கிடைத்த பக்கத்தில் புதிதாகக் கண்டறிந்தோர் நூற்றுக்கு 2.1, கிடைக்காத பக்கத்தில் 1.6.

இங்கே மானிப்பாயை நினைக்க வேண்டும். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் அங்கே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். கற்றவர்கள் ஊரவர் நடுவே இருந்து தொழில் செய்ய வேண்டுமென்பது அவர் எண்ணம். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு அவரைப் புகழ்வது எளிது. அவர் செய்ததைச் செய்வதுதான் அரிது. மேயோக் கணனி படித்த பாடமெல்லாம் அமெரிக்க இருதயங்கள். பல இனத்தவரிடமும் அது ஏறக்குறைய ஒரேயளவில் நன்றாகவே வேலை செய்ததென்று 2020இல் அவர்களே சோதித்துக் காட்டினர். அதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அவர்களும் அங்குள்ள நோயாளரே. தெற்காசியரை மாரடைப்பு இளவயதிலேயே தாக்குகிறது. நம்மிடையே நீரிழிவும் மலிந்திருக்கிறது. நம்மவர் பதிவில் சோதிக்காமல் அக்கணனியை இங்கே நம்புவது தகாது.

சோதிப்பதற்குப் பதிவு வேண்டுமல்லவா? இ.சி.ஜி. காகிதம் பெரும்பாலும் சூடுபட்டுக் கறுக்கும் காகிதம். வெயிலிலும் வெக்கையிலும் கிடந்தால் சில ஆண்டுகளிற் கோடு மங்கிவிடும். பெயரை நீக்கி, எக்கோ முடிவோடு சேர்த்து, அலைகளை எண்களாகவே கணனியிற் சேமித்து வைக்கலாம். அதற்குப் பெருஞ் செலவில்லை. நோயாளியின் சம்மதமும் ஒழுங்காக எழுதிவைக்கும் பொறுமையுமே வேண்டும். இச்சபையில் மருத்துவ பீடத்து மாணவர் இருக்கின்றனர். கணனி விஞ்ஞானம் பயில்வோரும் இருக்கின்றனர். இரு திறத்தாரும் ஒரு மேசையில் அமர்வது எப்போது என்று கேட்டு அமர்கின்றோம்.