செவ்வாய்க்கிழமை யார் சோறு போடுவது?



"சும்மா சோறு போட்டால் சோம்பேறியாகிவிடுவான்" என்கிறார்கள். சொல்வது யார்? மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடுகிறவர்தான். அவரை இரவு பதினோரு மணிக்குப் பாரிமுனைக்கு அழைத்து வாருங்கள். கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு என்.எஸ்.சி. போஸ் சாலையோரம் பாய் விரிக்கிறவர்களைப் பார்த்து, பகலெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்கட்டும். மூட்டை தூக்கினவர் இருக்கிறார். மீன்பாடி வண்டி மிதித்தவர் இருக்கிறார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா இருக்கிறார். உழைப்புக்குக் குறைவில்லை ஐயா, வாடகைக்குத்தான் வழியில்லை!

1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடவில்லை. சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை, இலை போடுகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இலவசச் சோறு போட்டு வடலூர் சோம்பேறிகளின் ஊராகிவிட்டதா? நெய்வேலிக்குப் பக்கம்தான், போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சரி, சோம்பேறி என்கிறவர்களைச் சொன்னேன். தானம் கொடுக்கிற நம்மை விட்டுவிடுவேனா? ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச் வேன் வருகிறது. அமாவாசை என்றால் அன்னதானக் குழு. பெரிய மனிதர் பிறந்தநாள் என்றால் இன்னும் இரண்டு வண்டி. ஒரே பாலத்தடியில், ஒரே மதியத்தில், ஒரு கிழவியின் மடியில் நாலு சாம்பார் சாதப் பொட்டலம். ராத்திரிக்குள் மூன்று ஊசிப்போகும். செவ்வாய்க்கிழமை? ஒருவரும் இல்லை. பசி பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது? பொட்டலத்தைக் கொடுத்த பிறகும் கையை எடுக்காமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற தொண்டரையும் பார்த்தேன். வாங்குகிறவள் முந்தானையால் முகத்தை மூடுகிறாள்! சீக்கியர்களின் குருத்வாராவில் லங்கர் என்று பந்தி போடுகிறார்கள், அங்கே கிழமையும் இல்லை, போட்டோவும் இல்லை. பள்ளிவாசல், சர்ச், கோயில், மூன்றும் உட்கார்ந்து கிழமையைப் பிரித்துக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்?

அடுத்தது இலங்கை அகதிகள் முகாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர்கள். பொறியியல் படித்தவன் பெயின்ட் டப்பா தூக்குகிறான். 2021இல் அகதிகள் முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், வரவேற்கிறேன். பலகை மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லையே! 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் ஆறு மதங்களையும் மூன்று நாடுகளையும் பட்டியல் போட்டது. முகாமில் இருக்கிற இந்துவும் கிறிஸ்தவனும் மதத்தில் தேறினார்கள், நாட்டில் தோற்றார்கள். பட்டியலில் இலங்கை இல்லை. மதம் பார்த்துக் கொடுக்கிற சட்டமும் இவர்களுக்கு உதவவில்லை, மதம் பாராமல் இவர்களுக்கென்று கொடுக்கிற சட்டத்தையோ எவரும் எழுதவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பழைய சேலை மூட்டையும் கொண்டுபோகிறோம். கொண்டுபோங்கள், தடுக்கவில்லை. கூடவே விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரையும், நீதிமன்றம் ஏறத் துணிந்த ஒரு வக்கீலையும் கூட்டிப்போங்கள். உங்கள் தொகுதி எம்.பி. அன்னதானத்தைத் தொடங்கிவைக்க வருவார். முகாம்காரர்களுக்காக நாடாளுமன்றத்தில் எத்தனை முறை எழுந்து பேசினீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு கரண்டியைக் கையில் கொடுங்கள்.