மலையேறுமுன் செய்யத்தக்கன
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோவைக்கு மேற்கே விளங்கும் வெள்ளியங்கிரி, கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 5,800 அடி உயர்ந்தது. பூண்டி அடிவாரத்தினின்று ஏழு மலைகளைக் கடந்தே ஈசன் சந்நிதியை அடைதல் வேண்டும். பத்தியொன்றே போதும் என்பர் நம்மவருட் பலர். பத்தி உள்ளத்தை ஏற்றும். உடலை ஏற்றுவது பயிற்சியேயாம். 2024-ஆம் ஆண்டில் இம்மலையேறச் சென்றோருள் சிலர் வழியிலேயே உயிர்நீத்தமையை நாம் மறத்தலாகாது.

ஆதலின், பங்குனியிற் புறப்படக் கருதுவோர் தையிலேயே தொடங்குக. நாடோறும் ஒருமணி நேரம் நடந்து, பின்னர்ப் படிகளில் ஏறியிறங்கிப் பழகுதல் நன்று. ஏறுங்கால் மூச்சு வருந்தும். இறங்குங்கால் முழந்தாள் வருந்தும். இரண்டிற்கும் பயிற்சி வேண்டும். இருதயநோய், இரைப்பு உடையாரும், நாற்பது கடந்தாரும் மருத்துவரைக் கேளாது செல்லற்க.

ஊன்றுதற்கு மூங்கிற்கழி, குடிநீர், கைவிளக்கு, கம்பளி ஆகியவை இன்றியமையாதன. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். வியர்வையில் நனைந்த உடையோடு உச்சிக்காற்றில் நிற்றல் தீது, மாற்றுடையும் கொள்க.

கூட்டமாய்ச் செல்லுங்கால் தளர்ந்தவர் நடையே அனைவர்க்கும் நடையாகுக. மேலே மருத்துவமனை இல்லை; வீழ்ந்தாரைச் சுமந்தே இறக்கல் வேண்டும். ஆதலின் நெஞ்சு வலிப்பினும், மூச்சுத் திணறினும் அவ்விடத்தே அமர்ந்து இளைப்பாறித் துணையோடு மீள்க. துணைவர் ஏளனஞ் செய்யற்க. ஐந்தாம் மலையினின்று மீண்டானையும் ஈசன் தன் அடியான் என்றே கொள்வன். இல்லத்திற் காத்திருப்பார்க்கு வேண்டுவது அவன் நலமாய்த் திரும்புதலே.