படித்த புஸ்தகமும் நம் அபிப்பிராயமும்



சமீபத்தில் நாம் படித்த புஸ்தகம் தாமஸ் பெயினின் "பகுத்தறிவு யுகம்". 1794-இல் முதற்பாகம் வெளிவந்தது. இங்கிலாந்தில் இதை அச்சிட்டு விற்ற ரிச்சர்ட் கார்லைலை, மதநிந்தனை என்று 1819-இல் சிறையிலிட்டார்கள். கடையை நடத்திய மனைவிக்கும் சிறை. பிறகு நடத்திய சகோதரிக்கும் சிறையே!

பெயின் பைபிளை மறுத்தாரேயொழிய, ஒரு கடவுள் உண்டென்றே நம்பினார். அதை நாம் ஒப்பவில்லை. பெரியவர் எழுதினார் என்பதற்காகவே ஒப்புவதானால், அதற்கும் வேத பாராயணத்திற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே தோழர்களே, படித்ததைப் பெட்டியில் பூட்டாமல் நாலு பேரிடம் சொல்லுங்கள். கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். கேட்பவர்களும் நம் பேச்சை அப்படியே நம்பாமல், தாங்களே படித்து முடிவு செய்யட்டும். சிறை சென்றவர்கள் கேட்டதும் அந்த உரிமையைத்தான்.