கைக்கு வந்த கல்



பொத்தேரி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி அறை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து கல்லூரி மாணவர்கள் அங்கே பாய் விரித்து உட்காருவார்கள். நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருக்கும். பகடையை அதற்குள்தான் உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். செங்கல்பட்டு வண்டி போகும்போது தாம்பாளமும் லேசாக அதிரும். அந்த அறையில் மூன்று வருடமாக நான் கதை நடத்துகிறேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை சொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பாழடைந்த சத்திரத்து வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே விளக்கு எரிகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதை சொல்லி கேட்பார். அவர்கள் சொல்கிற பதில்தான் அடுத்த காட்சி. துணிந்து ஒரு காரியத்தில் இறங்கினால் அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. பலகை வேண்டாம், காய் வேண்டாம். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எல்லாமே குரலில் நடக்கிறது. சத்திரமும் விளக்கும் கேட்கிறவர் மனசில்தான் எழும்புகின்றன.

அப்படி எல்லாம் குரலாக இருக்கிற இடத்துக்குள் கையில் பிடிக்கிற ஒரு பொருள் வந்து சேர்வதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பொருள் அட்டை என்று நாங்கள் சொல்கிறோம். கதையில் ஒரு மோதிரம் கிடைத்தால், மோதிரம் வரைந்த சீட்டு ஒன்றைக் கதை சொல்லி எடுத்து நீட்டுவார். சீட்டுக்கட்டின் ஒரு சீட்டு அளவுதான் இருக்கும்.

இதன் வேர் அமெரிக்காவில்தான் என்று நினைக்க வேண்டாம். தாம்பரம் பேருந்து நிலையத்து ஓரத்திலும் கோயில் வாசல்களிலும் கிளி ஜோசியம் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வந்து, அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாய்த் தள்ளி, ஒரு சீட்டை இழுத்துப் போட்டு, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஜோசியர் சீட்டைப் பிரித்ததும் பேச்சைத் தொடங்க மாட்டார். படத்தை நம் பக்கம் திருப்பி நீட்டுவார். முருகனா, பாம்பா, மாதாவா என்று நாமே ஒரு நொடி பார்த்து, நெஞ்சு ஒரு தரம் அடித்து அடங்கிய பிறகுதான் அவர் வாய் திறப்பார். படம் முதலில், சொல் அப்புறம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். அந்தச் சட்டம் சரியானது, கிளி பறக்க வேண்டியதுதான். ஆனால் சீட்டை நீட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிற அந்த ஒரு நொடியை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

கைகாக்ஸும் இதை அறிந்திருந்தார். 1980இல் அவர் எழுதி வெளிவந்த 'எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்' என்ற சாகசக் கதையில், வாளும் மந்திரமும் மட்டுமே தெரிந்த வீரர்கள் மலையில் விழுந்து கிடக்கும் ஒரு விண்கலத்துக்குள் நுழைகிறார்கள். உள்ளே இருக்கும் கருவிகளுக்கு அவர்கள் உலகத்தில் பெயரே கிடையாது. அதனால் அந்தப் புத்தகத்தோடு ஆட்டக்காரர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு பட ஏடும் வந்தது. கதை சொல்லி "துப்பாக்கி" என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே செத்துவிடும். படத்தைக் காட்டினால், எந்தப் பக்கம் பிடிப்பது, எதை அழுத்துவது என்று அவர்களே தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வருடம் வந்த 'கால் ஆஃப் குதுலு' ஆட்டத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதற்காக 1984இல் வெளியான 'மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லாத்தோதெப்' கதையில் கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகளோடு ஒரு தீப்பெட்டியும் துப்பாக வருகிறது. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து நோட்டில் ஒட்டி வைத்த ஊர்க்காரனுக்கு, ஒரு தீப்பெட்டி கதையைத் திறக்கும் என்பது புது விஷயமே இல்லை.

அட்டை எப்போது நல்ல அட்டை? என் அனுபவத்தில், அது தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடக் கூடாது. கடையில் கிடைக்கும் வெளிநாட்டு அட்டைகள் பலவற்றில் பொருளின் பெயர், எடை, விலை, அது எத்தனை சேதம் விளைவிக்கும் என்ற கணக்கு எல்லாம் முகத்திலேயே அச்சாகியிருக்கும். அதைக் கையில் வாங்கியவர் படத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார். எங்கள் அட்டையில் முன்பக்கம் படம் மட்டும் இருக்கும். பெயர்கூடக் கிடையாது. பின்பக்கம் வெறும் கோடுகள். ஆட்டக்காரர் அந்தப் பொருளைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டால், தன் கையெழுத்தில் அவரே எழுதிக்கொள்ள வேண்டும்.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நகரமே எரிந்தது எதனால்? வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்த இரண்டு சிலம்புகளால். அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். உடைத்துப் பார்க்கும் வரை எது யாருடையது என்று தெரியாது. பொருள் அட்டைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை இரண்டு மாணவர்களுக்கு ஒரே சிலம்புப் படத்தைக் கொடுத்தேன். பின்பக்கம் காகிதம் ஒட்டி மூடியிருந்தேன். ஆட்டத்துக்குள் சிலம்பை உடைக்கிறேன் என்று சொன்னால்தான் காகிதத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் சிலம்பும் போய்விடும். மூன்று சனிக்கிழமை இரண்டு பேரும் உடைக்காமலே வைத்திருந்தார்கள்.

வரைவதில் சில விஷயங்கள் பழகப் பழகத்தான் தெரிந்தன. பொருளைப் பிடித்திருக்கும் கையை வரையக் கூடாது. ஆட்டக்காரர் கைதான் அங்கே இருக்க வேண்டும். அளவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை வரைந்துவிடுவேன். தொல்லியல்காரர்கள் புகைப்படத்தில் அளவுகோல் வைப்பதைப் பார்த்துக் கற்றது இது. பொருளில் தேய்மானம் கட்டாயம் இருக்க வேண்டும். பல்லவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பாக்குவெட்டி, தூக்குவாளி, எழுத்து அழிந்த பித்தளைப் படி என்று பொறுக்கி வந்து, எதிரில் வைத்துக்கொண்டுதான் வரைவேன். பாக்குவெட்டியின் ஒரு பிடி மட்டும் ஏன் மழுங்கியிருக்கிறது என்று யோசித்தாலே பாதிக் கதை வந்துவிடும். கணினியே வரைந்து தருகிற படங்களை இப்போது நிறையப் பேர் அச்சடிக்கிறார்கள். அவற்றில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாப் பொருளும் ஒளிவீசுகிறது. ஒன்றுகூட யாரும் கையாண்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு தவறு நான் வெகுநாள் செய்தது. முக்கியமான பொருளுக்கு மட்டும் அட்டை போட்டேன். அட்டை வந்தாலே "ஓ, இது விஷயமுள்ளது" என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். மர்மம் முழுக்க என் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதன் பிறகுதான் கிழிந்த குடைக்கும், மூடி இல்லாத சுண்ணாம்பு டப்பாவுக்கும், காலியான ஊறுகாய் ஜாடிக்கும் அட்டை வரைய ஆரம்பித்தேன். ஒரு இரவுக்கு நாலைந்துக்கு மேல் போவதில்லை.

செல்பேசியில் காட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. செல்பேசியைக் காட்டியவர் திரும்ப வாங்கிக்கொள்வார். அட்டை ஆட்டக்காரரிடமே தங்கும், டீ சிந்தும், மூலை மடங்கும். முக்கியமாக, கதையில் திருடன் பறித்துக்கொண்டு ஓடினால் நான் எழுந்து போய் அந்த அட்டையை அவர் கையிலிருந்து எடுத்துவிடுவேன். அந்த நேரத்தில் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஏ4 தாளில் 9 அட்டை பிடிக்கும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் அட்டையில் அச்சடித்து வெட்டினால் ஒரு வருடம் தாங்கும். லேமினேஷன் வேண்டாம், பின்பக்கம் பேனா எழுதாது.

போன வருடம் நடத்திய கதை நம் பக்கத்து ஊரிலேயே நடந்தது. 1863 மே 30ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லவரத்தில் ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை முதலில் காட்டியது அந்தக் கல்தான். எங்கள் கதையில் மாணவர்கள் அவருடைய கூலியாட்கள். பள்ளத்தில் மண் அள்ளும்போது ஒரு கல் கிடைக்கிறது. நான் அட்டையை நீட்டினேன். இலை வடிவில் ஒரு கல், ஓரமெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்ந்தது, பக்கத்தில் புளியங்கொட்டை. ஒன்றும் சொல்லவில்லை.

அட்டையை வாங்கிய மாணவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இத வச்சு தேங்கா உடைக்கலாமா?" என்றாள். உடைக்கலாம் என்றேன். பகடையை உருட்டினாள், உடைந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது கைக்கு நல்லா உட்காருது. எனக்கு முன்னாடி யாரோ பிடிச்சிருக்காங்க" என்றாள். அவள் கையில் இருந்தது ஒரு காகித அட்டை. அன்றைக்கு யாரும் அடுத்த காட்சிக்குப் போகச் சொல்லவில்லை.

கதை முடிந்த வாரம் எல்லோரும் பொத்தேரியில் ரயில் ஏறி எழும்பூர் போனோம். ஃபுட் சேகரித்த தொல்பொருட்கள் 1904இல் அங்குள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கற்கருவிகள் வரிசையாக இருந்தன. அவள் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். நான் வரைந்தது மெலிதாக இருந்தது. உண்மைக் கல் நடுவில் நல்ல தடிமன். உள்ளங்கையை நிரப்புகிற கனம் என் படத்தில் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து திருத்தி வரைந்தேன். அடுத்த சனிக்கிழமை புது அட்டையைக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கேட்டேன். புதியதை வாங்கிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். பழையதைத் தரவில்லை. அதன் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று இதுவரை காட்டவும் இல்லை.