தோப்பூர் எய்ம்ஸ்: நம்ம எம்.பி. விடாம கேட்ட கேள்வி

தோழர்களே! ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் சனத்துக்குப் பெரிய வைத்தியம்னா மதுரை பெரியாஸ்பத்திரிதான். அதனாலதான் எய்ம்ஸ் கேட்டோம். 2015 பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. 2019 ஜனவரி 27-ல பிரதமரே வந்து அடிக்கல் நாட்டினார். அப்புறம்?

1,264 கோடி மதிப்பீடு 1,977.80 கோடியாச்சு. அதுல 1,627.70 கோடி ஜப்பானின் ஜைகா கடன்! பட்ஜெட் பணத்தை ஒதுக்கி உடனே கட்டியிருக்கலாமே? மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் நாடாளுமன்றத்துல இந்தப் பிரச்சினையைத் திரும்பத் திரும்ப எழுப்பினார்.

2022-ல சேர்ந்த முதல் 50 எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில படிச்சாங்க. பேரு மதுரை எய்ம்ஸ், வகுப்பு ராமநாதபுரத்துல! தோப்பூர்ல கட்டுமானம் 2024-லதான் தொடங்குச்சு. கட்டடம் மட்டும் வந்தாப் போதாது தோழர்களே, டாக்டர், நர்ஸ் பணியிடத்தையும் சேர்த்தே நிரப்பணும். அதையும் கேட்போம்.