முத்திரை கலையாத இசை

யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்துள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களுள் ஏதேனும் ஒன்றிலே நிகழக்கூடிய காட்சியொன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. மாசி மாதத்துக் காமன் கூத்திலே ஆண்டுதோறும் தப்படித்து வந்த பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். அவர் இருந்த காலத்திலேயே, ஒலிப்பதிவுக் கலை பயின்ற உறவினர் ஒருவர் நல்ல கருவி கொண்டு அவருடைய அடிகளைப் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பதிவு இன்று ஒரு பென் டிரைவில் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பேரன் அதனைக் கணினியிலே செருகி, புதிதாக வாங்கிய கருவியோடு இணைத்து இயக்குகிறான். தப்பொலி எழவில்லை. மெல்லிய இரைச்சல் ஒன்றுதான் வருகிறது.

“தம்பி, தாத்தாவின் தப்பு எங்கே? தகரத்தில் தூறல் விழுகிற மாதிரியல்லவா கேட்கிறது?” என்கிறாள் தாய்.

“கோப்பு பழுதாகிவிட்டது, அம்மா” என்கிறான் மகன். அதனை அழித்துவிட அவன் விரல் விரைகிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோப்பு பழுதாகவில்லை, அது சென்ற வழியே பழுதாயிற்று. அந்த விரலைச் சற்றே தடுத்து நிறுத்துவதுதான் இப்பேச்சின் நோக்கம்.

ஒலியை எண்களாக்கிச் சேமிக்கும் முறைகள் பல. 1982ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்த இசைத்தட்டாகிய சீ.டி.யில், ஒலியலையின் உயரம் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண்ணாக எழுதப்படுகிறது. இது பீ.சி.எம். எனப்படும். சோனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்கள் 1999இல் வெளியிட்ட சூப்பர் ஓடியோ சீ.டி. வேறொரு வழியை மேற்கொண்டது. அதிலே ஒவ்வோர் அளவுக்கும் ஒரே ஒரு பிட்தான் உண்டு. ஆனால், விநாடிக்கு 28,22,400 பிட்கள். சீ.டி.யின் வேகத்தைப் போல இது சரியாக 64 மடங்கு. டி.எஸ்.டி. என்று வழங்கும் இம்முறையில் அமைந்த கோப்புகளின் பெயர் பெரும்பாலும் டி.எஸ்.எஃப். அல்லது டி.எஃப்.எஃப். என்று முடியும். ஐந்து நிமிட இசை சீ.டி. முறையில் ஏறத்தாழ 53 மெகாபைட் இடத்தைப் பிடிக்குமாயின், டி.எஸ்.டி. முறையில் ஏறத்தாழ 212 மெகாபைட் பிடிக்கும்.

இனி இடர் எங்கே தோன்றுகிறது என்று பார்ப்போம். கணினியின் ஒலிப்பாதை பீ.சி.எம். எண்களுக்காகவே அமைக்கப்பட்டது. அந்தப் பாதையிலே டி.எஸ்.டி.யை அனுப்ப அறிஞர்கள் ஓர் உபாயம் கண்டனர். முன்னாளிலே யட்டியாந்தோட்டைக்குக் களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய பாதைப் புகைவண்டி வந்து சென்றதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். தோட்டத்திலிருந்து புறப்படும் தேயிலைப் பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது எந்தத் தோட்டத்துத் தேயிலை என்பதை அக்குறியைக் கண்டே அறிவர். அதுபோலவே, 24 பிட் கொண்ட ஒவ்வொரு பீ.சி.எம். பெட்டியிலும் 16 பிட் இசையை வைத்து, எஞ்சிய 8 பிட்டில் ‘இது டி.எஸ்.டி. சரக்கு’ என்னும் முத்திரையைக் குத்திவிடுகின்றனர். விநாடிக்கு 1,76,400 பெட்டிகள் செல்லும். இம்முறைக்கு டீ.ஓ.பி. என்று பெயர். எண்களை ஒலியாக மாற்றும் ‘டாக்’ என்னும் கருவி முத்திரையைக் கண்டு பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் இசையை எடுத்துக்கொள்கிறது.

ஆனால், இடைவழியிலே எவரேனும் பெட்டியைத் திறந்து சரக்கை மாற்றிக் கட்டினால் என்னாகும்? முத்திரை கலைந்துபோகும். கணினியின் ஒலியளவை நூற்றிலிருந்து தொண்ணூற்றொன்பதாகக் குறைத்தாலே எண்கள் யாவும் மாறிவிடுகின்றன. முத்திரையைக் காணாத டாக், வந்ததைச் சாதாரண பீ.சி.எம். என்று எண்ணி ஒலிக்கிறது. அதன் விளைவே அந்த மெல்லிய இரைச்சல். ஆதலால், அந்த இரைச்சலைச் சாவுமணியாகக் கொள்ளாமல், வழியிலே எண்களைத் தொட்டவர் யார் என்று தேடச் சொல்லும் அறிகுறியாகக் கொள்ளல் வேண்டும்.

தேடும் முறையும் எளிதே. முதலாவதாக, டி.எஸ்.டி.யை அறிந்த இயக்கி நிரலைக் கணினியில் நிறுவி, அதன் அமைப்பிலே டீ.ஓ.பி. என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். இரண்டாவதாக, விண்டோஸ் கணினியாயின் வாசாப்பி என்னும் வழியிலே ‘தனியுரிமை’ முறையை இயக்க வேண்டும். அப்போதுதான் மற்ற ஒலிகளோடு கலக்கும் பகுதியைத் தாண்டி எண்கள் நேரே செல்லும். மூன்றாவதாக, நிரலின் ஒலியளவை நூறாக வைத்து, தொனி திருத்தி, ஒலிச் சமன், பாட்டுக்குப் பாட்டு இழைந்து மாறும் வசதி ஆகிய யாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அம்பிளிஃபயரின் திருகிலே மட்டும் நடக்கட்டும். முதன்முறை இயக்கும்போது அத்திருகைத் தாழ்த்தி வைப்பது காதுக்கும் ஒலிபெருக்கிக்கும் நலம்.

கைபேசியிலே கேட்போர்க்கும் இதே விதிதான். அண்ட்ராய்ட் கைபேசிகள் எந்த ஒலியையும் பெரும்பாலும் 48,000 வேகத்துக்கு மாற்றியே வெளிவிடுகின்றன. யு.எஸ்.பி. ஓடியோ பிளேயர் புரோ போன்ற நிரல்கள் அந்த மாற்றத்தைத் தவிர்த்து, கம்பி வழியே டாக்குக்கு எண்களை நேராக அனுப்ப வல்லவை. புளூடூத் வழி இதற்கு உதவாது, டீ.ஓ.பி.க்கு வேண்டிய அகலம் அதற்கு இல்லை.

டாக்கே டி.எஸ்.டி.யை அறியாததாயின் செய்வது என்ன? குறுகிய பாதை வண்டி கொழும்பிலுள்ள அகலப்பாதையில் ஓடாது. சரக்கை இறக்கி வேறு வண்டியில்தான் ஏற்ற வேண்டும். அவ்வாறே, இயக்கி நிரலில் ‘பீ.சி.எம். ஆக மாற்றுக’ என்பதைத் தெரிந்து, டாக் ஏற்கும் 88,200 அல்லது 1,76,400 வேகத்தைக் குறிக்கலாம். இதனால் இசை பாழாவதில்லை. கேட்பவர் பலருக்கு வேறுபாடே தோன்றாது.

இங்கே மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. எண்கள் பெருகியதனால் மட்டும் இசை உயர்ந்துவிடாது. எம்.பி.3 கோப்பினை டி.எஸ்.டி. ஆக்கினால் கோப்பு பருக்குமேயன்றி, இழந்த ஒலி மீளாது. பழைய ஒலிநாடாவிலுள்ள தாலாட்டையோ ஒப்பாரியையோ காக்க விரும்புவோர்க்கு, 24 பிட், 96,000 வேகத்துப் பீ.சி.எம். பதிவு தாராளமாகப் போதும். உலகின் ஒலிக்காப்பகங்கள் பலவும் அந்த அளவையே கையாள்கின்றன.

இனி, அந்த லயத்து வீட்டுக்குத் திரும்புவோம். பேரன் அழிக்கும் முன்னர் ஒலியளவைப் பார்க்கிறான், எழுபதில் நிற்கிறது. நூறாக்குகிறான். தனியுரிமை முறையை இயக்குகிறான். டாக்கின் முகப்பிலே டி.எஸ்.டி. என்னும் எழுத்து ஒளிர்கிறது. கூத்துத் தொடங்குமுன் பெரியவர் தப்பைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் முதல் அடி கேட்கிறது. தாய் அடுப்படியிலிருந்து வெளியே வந்து வாசற்படியில் அமர்கிறாள்.

அன்பர்களே, ஒலிக்காத கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். மூலத்தைத் தொடாமல் இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். பின்னர் வழியைச் சோதியுங்கள். கருவியைக் கடையிலே மறுபடியும் வாங்கலாம். காலமானவரின் கையடியை எந்தக் கடையிலே வாங்குவது?