திருகாணித் துளையை மூடும் முறை

தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களுக்கு அந்த மரத்தைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம் முன்பெல்லாம் பெரும்பாலும் விறகாகத்தான் போயிற்று. 1980களிலிருந்து அதுவே மேசையும் அலமாரியுமாகி நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அந்த அலமாரிக் கதவின் திருகாணி பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிறதா? புது அலமாரிக்குக் கடன்பட வேண்டாம்.

மரத்தூளை மரப்பசையில் குழைத்து அப்பிவிட்டு, அதிலேயே திருகாணியை ஏற்றுவோர் உண்டு. இரண்டே நாளில் பெயர்ந்து விடும். அக்கலவை துளையை மறைக்க மட்டுமே உதவும். திருகாணி நிற்க வேண்டுமானால், கெட்டியான மரத்தில் முளை சீவி, பசை தடவி, துளையில் அடித்து இறுக்குங்கள். ஓர் இரவு காயட்டும். மேலே நீட்டி நிற்பதை உளியால் சீவிவிட்டு, திருகாணியைவிடச் சிறிய துளை போட்டு, அதன்பின் திருகுங்கள்.

முளையின் தலை கருத்துத் தெரியுமே என்பீர்கள். கீல் அதை மறைத்துவிடும். மறைப்பில்லாத இடமானால், அதே மரத்தில் குறுக்குவாட்டில் வெட்டிய வில்லையை, அதன் ரேகை பலகையின் ரேகையோடு ஒத்து ஓடும்படி ஒட்டுங்கள். சுற்றிலும் வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். பசை காய்ந்த இடத்தில் சாயம் ஏறாது.